இயந்திரம் நின்ற பிறகு: காப்பார் கரையோரமும் பயிற்சி விமானங்களும்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 1.28க்கு மலேசியாவின் சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறு விமானம் ஏழெட்டு நிமிடங்களில் காப்பார், கம்போங் தோக் மூடாவில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் உயிரிழந்தனர். இத்தாலியின் பிளாக்‌ஷேப் நிறுவனம் கட்டிய பிகே160 ரகம் அது. கார்பன் இழையாலான உடல், முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள், ஒற்றை இயந்திரம். மண்ணுக்குள் ஆழப் புதைந்துபோன சிதைவுகளைத் தீயணைப்பு மீட்புப் படையினர் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 5ஆம் தேதி, காப்பாருக்கு மேற்கே பூலாவ் அங்சா தீவை ஒட்டிய கடலில் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் ஏடபிள்யூ139 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. அதில் இருந்த நால்வரும் பிழைத்தார்கள். அவர்களைத் தூக்கிவிட்டவர்கள் அந்தப் பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள்.

இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஒன்று சிறு விமானம். மற்றொன்று இரட்டை இயந்திரம் கொண்ட, தேர்ந்த பணியாளர்கள் ஓட்டிய ஹெலிகாப்டர். காப்பாரில் விழுந்தது கட்டுப்பாட்டோடு இறக்கப்பட்ட விமானமும் அல்ல. விபத்தென்றாலே இயந்திரக் கோளாறு என்று முடிவு கட்டுவதும் தவறு. காப்பார் விபத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2023 ஆகஸ்ட் 17ஆம் தேதி ஷா ஆலம் எல்மினாவில் பத்து உயிர்களைப் பறித்த பீச்கிராஃப்ட் ஜெட் விபத்தில், தரையிறங்கிய பிறகே விரிக்கவேண்டிய இறக்கைத் தடுப்புப் பலகைகள் வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டதாக விசாரணை அறிக்கை சொன்னது. இயந்திரங்கள் அங்கே குற்றவாளிகள் அல்ல.

ஆனாலும் இந்த நிகழ்வுகள் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மனத்தில் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கின்றன. பயிற்சி விமானம் ஒன்றின் ஒரே இயந்திரம் இந்தக் கரையோரத்தில் நின்றுபோனால் எங்கே இறங்குவது? தோட்டத்திலா, கடலிலா? கடல் என்றால் உயிர் பிழைக்க வழி உண்டா? நாட்டின் விமானப் பயிற்சிப் பள்ளிகள் பலவும் மலாக்கா, லங்காவி, கோத்தா பாரு என்று கடல் பக்கத்து ஊர்களில் இயங்கியவை. எனவே இது காப்பாரோடு முடிகிற கேள்வி இல்லை.

இயந்திரம் ஏன் நிற்கிறது?

பயிற்சி விமானங்களில் இருக்கும் லைகாமிங், கான்டினென்டல் வகை பிஸ்டன் இயந்திரங்கள் பழைய வடிவமைப்பைக் கொண்டவை, ஆனால் நம்பகமானவை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள். அவற்றுக்குத் தனித்தனியே, தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தாமே உண்டாக்கும் இரண்டு மேக்னெட்டோக்கள். விமானத்தின் மின்சாரம் மொத்தமாகப் போனாலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இரும்பு உடைந்து இயந்திரம் நிற்பது குறைவு. எரிபொருளோ காற்றோ போய்ச் சேராமல் நிற்பதுதான் அதிகம்.

முதல் காரணம் எரிபொருள். தீர்ந்துபோவது ஒன்று, தொட்டியில் இருந்தும் இயந்திரத்துக்குப் போகாதது இன்னொன்று. தாழ் இறக்கை கொண்ட பைப்பர் விமானங்களில் இடது தொட்டி, வலது தொட்டி என்று மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் ஒரு தொட்டி நிறைந்திருக்க, மற்றது வறண்டு இயந்திரம் அடங்கிவிடும். செஸ்னாவில் இரண்டு தொட்டியிலிருந்தும் ஒருசேர எடுக்கும் நிலை உண்டு என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

எரிபொருளில் தண்ணீர் கலப்பது அடுத்தது. பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து நீராகி அடியில் தங்கும். அதனால்தான் காலையில் முதல் வேலையாக, மாணவர் ஒளிபுகும் சிறு குவளையை இறக்கையின் அடியிலுள்ள வால்வில் அழுத்திக் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். விமானப் பெட்ரோலுக்கு இளநீல நிறம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் இருந்தால் நிறமற்ற குமிழியாக அடியில் உருளும். அது போகும்வரை வடிக்க வேண்டும். குவளை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் சீரான ஒரே திரவமாகத் தெரிந்து ஏமாற்றும்; நீல நிறம் இருக்கிறதா என்று பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும் அதற்காகத்தான்.

மூன்றாவது காரணத்தை வெப்ப நாட்டில் பலர் நம்பவே மாட்டார்கள்: பனிக்கட்டி. சமையல் எரிவாயு வேகமாக வெளியேறும்போது குழாய் முனை சில்லிடுவதைப்போல, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாய்ந்து எரிபொருள் ஆவியாகும்போது வெப்பம் சடாரென்று இறங்குகிறது. வெளியே 30 பாகை வெயில் அடித்தாலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அந்தக் கழுத்தில் பனி கட்டும். மலாக்கா நீரிணை ஓரத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சக்தியைக் குறைத்துக் கீழிறங்கும் நேரத்தில் ஆபத்து கூடுதல். மாற்று மருந்து, சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் விடும் ஒரு நெம்புகோல். அந்தச் சூடு ஓடும் இயந்திரத்தின் புகைக்குழாயிலிருந்து வருவது. இயந்திரம் நின்ற பிறகு இழுத்தால் சூடும் ஆறிப்போயிருக்கும். முன்கூட்டி இழுத்தால்தான் பலன்.

இரண்டு நிமிடக் கணக்கு

இயந்திரம் நின்றதும் விமானம் கல்லாக விழுவதில்லை, சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. செஸ்னா 172 ஏறக்குறைய 65 நாட் வேகத்தில், ஆயிரம் அடி உயரத்தை இழக்கும்போது சுமார் ஒன்றரைக் கடல் மைல் தூரம் முன்னேறும். 1,500 அடியில் பறப்பவருக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரமும் இரண்டு நிமிட நேரமும் கையில் இருக்கின்றன. இந்த இரண்டு நிமிடத்துக்குள் வேகத்தை நிலைநிறுத்தி, இடத்தைத் தேர்ந்து, எரிபொருள் வால்வு, மேக்னெட்டோ, கார்புரேட்டர் சூடு ஆகியவற்றைச் சரிபார்த்து, மேடே என்ற அபாய அழைப்பு விட்டு, உடன் இருப்பவரைத் தயார்படுத்த வேண்டும்.

இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு எங்கே போவதென்று பார், அப்புறம் பேசு என்பது பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்லும் பாடம். மூக்கைத் தூக்கி உயரத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் கை துடிக்கும். அப்படித் தூக்கினால் வேகம் செத்து, இறக்கை தாங்குசக்தியை இழந்து, விமானம் சுழன்று விழும். கிளம்பிய கையோடு இயந்திரம் அடங்கும்போது ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று தாழ்வான உயரத்தில் வளைப்பவர்களில் பலர் இப்படித்தான் மாண்டிருக்கிறார்கள். இயந்திரம் நின்றது கொல்வதைவிட, நின்ற பிறகு செய்த காரியம் கொல்வதே அதிகம்.

தோட்டமா, சேறா, கடலா?

காப்பாரை மேலிருந்து பார்ப்பவருக்குப் பச்சைப் பாய் விரித்தாற்போல் செம்பனை தெரியும். ஒரு காலத்தில் நம்மவர்கள் ரப்பர் பால் வெட்டிய நிலங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன. மேலிருந்து மெத்தையாகத் தெரியும் அந்தப் பச்சையின் கணக்கு வேறு. செம்பனையை வழக்கமாக ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுகிறார்கள். அதனால் வரிசைக்கும் வரிசைக்கும் இடையே எட்டு மீட்டர்கூட இருக்காது. செஸ்னா 172இன் இறக்கை நீளம் பதினோரு மீட்டர். எந்த வரிசையில் நுழைந்தாலும் இறக்கை இரண்டு பக்கமும் மரத்தில் மோதியே தீரும். முற்றிய மரங்களின் தண்டு வளைந்து கொடுக்காது.

தோட்டத்து மண்சாலைகள் உண்டு, ஆனால் குறுகலானவை. காப்பாரில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின்நிலையத்திலிருந்து உயர் அழுத்தக் கம்பிகள் கோபுரம் கோபுரமாக நிலத்தைக் கடந்து போகின்றன. மேலிருந்து கோபுரம் தெரியும், கம்பி தெரியாது. மீதி நிலத்தில் வீடுகளும் தொழிற்சாலைகளும் பள்ளிக்கூடங்களும் நிறைந்திருக்கின்றன. தரையில் இருப்பவர்களின் உயிரையும் விமானி கணக்கில் கொள்ள வேண்டும்.

கரையை நெருங்கினால் சதுப்புநிலக் காடு. அதற்கு அப்பால், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கடலில் பெரு ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேலாக மாறுகிறது. நீர் வற்றிய வேளையில் கடல் என்று நினைத்த இடம் இடுப்பளவு சேறாக இருக்கும். சக்கரம் அதில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். மீட்புப் படகும் நெருங்க முடியாது. நடந்து வரவும் முடியாது.

எஞ்சியது திறந்த கடல். மலாக்கா நீரிணையில் பெரும்பாலான நாள்களில் அலை சிறிதாகவே இருக்கும். தண்ணீரின் வெப்பம் 28 முதல் 30 பாகை. ஆங்கிலக் கால்வாயிலோ வட அட்லாண்டிக்கிலோ விழுந்தவரைக் குளிரே கொன்றுவிடும். இங்கே மணிக்கணக்கில் மிதந்து தாக்குப்பிடிக்கலாம். பூலாவ் கெத்தாம் பக்கமும் கோலா சிலாங்கூர் பக்கமும் மீன்பிடிப் படகுகளுக்குக் குறைவில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆண்டுக்கு 80,000க்கு மேற்பட்ட கப்பல்கள் கடக்கும் நீரிணை இது; பெரிய கப்பலால் நினைத்த மாத்திரத்தில் நிற்கவோ திரும்பவோ முடியாது. ஆகவே சிறு படகை நோக்கி இறக்குவதே புத்திசாலித்தனம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிவதற்கு முன்னும் காலையிலும் மேற்கிலிருந்து பாய்ந்து வரும் சுமத்ராப் புயல்காற்று வீசினால், அமைதியான கடல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, பகல் வெளிச்சத்தில், நீர் ஏறியிருக்கும்போது, படகுகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கடலில் இறக்குவது, செம்பனைக்குள் இறக்குவதைவிட நல்ல முடிவாக இருக்க வாய்ப்புண்டு. ஓடுபாதையோ திறந்த வெளியோ எட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே முதல் தேர்வு, அதில் மாற்றமில்லை.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம்

கடலில் விமானத்தை இறக்கிய வரலாறு இயந்திரக் கோளாறிலிருந்தே தொடங்குகிறது. 1909 ஜூலை 19ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்ட ஹியூபர்ட் லேதமின் விமானம் நடுவழியில் இயந்திரம் நின்று கடலில் இறங்கியது. அது மரச்சட்டமும் துணியுமான விமானம் என்பதால் மிதந்தது. லேதம் அதன்மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டே கப்பலுக்காகக் காத்திருந்தார். ஆறு நாள் கழித்து லூயி பிளேரியோ கால்வாயைக் கடந்து புகழைத் தட்டிச் சென்றார். கடலில் இறங்கியும் உயிரோடு வரலாம் என்று காட்டிய முதல் ஆள் லேதம்தான்.

அந்தப் பாடத்தைப் பிற்காலப் புள்ளிவிவரங்களும் உறுதிப்படுத்துகின்றன. கட்டுப்பாட்டோடு நீரில் இறக்கிய நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் விமானிக்கும் பயணிகளுக்கும் காயம் குறைவே என்று பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், தன் நாட்டு, அமெரிக்க விவரங்களைக் கொண்டு சிறு விமானிகளுக்கான வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. மேல் இறக்கை, தாழ் இறக்கை என்ற வேறுபாட்டால் வெற்றி விகிதம் மாறவில்லை என்றும் அது சொல்கிறது. 2013 டிசம்பர் 11ஆம் தேதி ஹவாயின் மொலோக்காய் தீவருகே இயந்திரம் நின்று கடலில் இறங்கிய ஒற்றை இயந்திர செஸ்னா கேரவனில் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். 2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் பறந்த ஒரு சிர்ரஸ் விமானத்தின் விமானி, எரிபொருள் கோளாறால் விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட்டை விரித்துப் பசிபிக் கடலில் இறங்கினார். ஒரு சுற்றுலாக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது.

பயிற்சிப் பள்ளி விமானங்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் பாராசூட் இல்லை. போர்ப்படைப் பயிற்சி விமானங்களில் உள்ள வெளியேற்று இருக்கையும் இல்லை. 2025 நவம்பர் 14ஆம் தேதி சென்னைக்கு அருகே திருப்போரூர்ப் பக்கம் விழுந்த இந்திய விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானத்தின் விமானி உயிர் தப்பியது அந்த இருக்கையால். சிறு விமானத்தில் பழகும் மாணவருக்கு இருப்பதெல்லாம் சறுக்கும் இறக்கை, இடுப்புப் பட்டை, கதவு. கதவுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

கதவுக்கு முன்னும் பின்னும்

நீரில் இறக்கும் முறை பெரும் ரகசியமல்ல. பெரிய அலைகள் உருண்டு வந்தால் அவற்றுக்குக் குறுக்கே போகாமல் அவற்றின் முதுகோடு இணையாக இறக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் அதை எதிர்த்து. முடிந்த அளவு மெதுவாக, மூக்கைச் சற்றே தூக்கி, வால் முதலில் தொடும்படி. கண்ணாடிபோல் அசையாத நீர்ப்பரப்பே ஏமாற்றும்: மேற்பரப்பு எங்கே தொடங்குகிறதென்று கண்ணுக்குப் பிடிபடாது. மலாக்கா நீரிணையின் அமைதியான காலை வேளைகள் அப்படிப்பட்டவை. அப்போது கண்ணை நம்பாமல், மூக்கின் நிலையை மாற்றாமல், மெல்ல இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

பெரும்பாலான பயிற்சி விமானங்களின் சக்கரம் மடங்காதது. அது நீரில் பட்டதும் மூக்கு கீழே குத்தி விமானம் தலைகுப்புறக் கவிழ வாய்ப்புண்டு. அப்போது மேலெது, கீழெது என்று தெரியாது, மூக்கில் நீர் ஏறும், கண் எரியும். பலர் அடிபட்டுச் சாவதில்லை, உள்ளேயே மாட்டிக்கொண்டு மூழ்கிப்போகிறார்கள்.

பைப்பர் வாரியரின் உள்ளமைப்பைப் பாருங்கள். முன்னிருக்கை இரண்டு, கதவு ஒன்றே ஒன்று, வலது பக்கம். அந்தக் கதவுக்குப் பூட்டு இரண்டு: பக்கவாட்டில் ஒன்று, கூரையோரம் ஒன்று. மாணவர் உட்காருவது இடது இருக்கையில். வலதில் இருக்கும் பயிற்றுநர் வெளியேறிய பிறகுதான் மாணவருக்கு வழி. பயிற்றுநர் மயங்கிவிட்டால் மாணவர் அவரைத் தாண்டி, தலைகீழாக, இருட்டில், இரண்டு பூட்டையும் தடவித் திறக்க வேண்டும். நீரைத் தொடுவதற்கு முன்பே கதவைத் திறந்து, காலணியையோ வேறெதையோ இடுக்கில் செருகி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மோதலில் சட்டம் கோணிக்கொண்டால் மூடிய கதவு திறக்காது.

வெளியேறும் ஒழுங்கு இது: ஒரு கை கதவு விளிம்பையோ பிடியையோ பற்றி அதை விடாமல் இருக்க வேண்டும், விமானத்தின் அசைவு நின்ற பிறகே மறு கையால் பட்டையைக் கழற்ற வேண்டும். முன்னதாகக் கழற்றினால் உடல் மிதந்து திசை தவறிவிடும். லைஃப் ஜாக்கெட்டை முதலிலேயே அணிந்திருக்க வேண்டும், ஆனால் உள்ளே ஊதக்கூடாது. 1996 நவம்பர் 23ஆம் தேதி கடத்தப்பட்டு எரிபொருள் தீர்ந்து கொமரோஸ் தீவருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் இருந்த 175 பேரில் 125 பேர் மாண்டனர். விமானத்துக்குள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பலர், நீர் ஏறியபோது கூரையோடு ஒட்டிக்கொண்டு வாசலுக்கு முங்கிப் போக முடியாமல் இறந்தார்கள்.

வெளியே வந்தாலும் கண்டுபிடிக்கப்பட வேண்டும். 2015 ஜூன் 8ஆம் தேதி தமிழகக் கடலோரத்தில் காணாமல்போன இந்தியக் கடலோரக் காவல்படையின் டோர்னியர், பிச்சாவரத்துக்கு அப்பால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடந்தது தெரியவர ஒரு மாதத்துக்கு மேலானது. அதில் இருந்த மூவரும் மீளவில்லை. விமானத்தோடு பொருத்திய அவசர அலைபரப்பி, விமானத்தோடு மூழ்கினால் ஊமையாகிவிடும்; வானொலி அலை நீரை ஊடுருவாது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பை 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் கருவி, அதுவும் விமானியின் உடம்போடு கட்டியிருக்கும் சிறு கருவி, இருந்தால்தான் மீட்புக்காரர்களுக்கு இடம் துல்லியமாகத் தெரியும்.

விதி எங்கே நிற்கிறது?

அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் நெறிப்படி, ஒற்றை இயந்திர விமானம் கரைக்குச் சறுக்கி வர முடியாத தூரத்துக்குக் கடல்மேல் போனால், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். காகிதத்தில் இது நியாயமாகத் தெரியும். காப்பாரில் இந்த அளவுகோல் ஓட்டையானது. கரைக்குச் சறுக்கி வந்துவிடலாம் என்பது உண்மையே. வந்து சேரும் கரை சதுப்பும் சேறும் செம்பனையும் மின்கம்பியும். ‘கரை எட்டும்’ என்பதும் ‘இறங்க இடமுண்டு’ என்பதும் ஒன்றல்ல.

பயிற்சியிலும் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. எண்ணெய்க் கிணற்று மேடைக்கு வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் ஹெலிகாப்டரில் பயணியாக ஏறுவதற்கே, கூண்டு ஒன்றில் கட்டிவைத்து நீச்சல்குளத்தில் முக்கித் தலைகீழாகத் திருப்பி, தாமாக வெளியே வரும் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். விமானத்தை ஓட்டவே பழகும் மாணவருக்கோ உரிமம் பெற அந்தப் பயிற்சி கட்டாயமில்லை. வானில் செயற்கையாக இயந்திரச் சக்தியைக் குறைத்து ‘இப்போது எங்கே இறங்குவாய்?’ என்று பயிற்றுநர் நூறு முறை கேட்டிருப்பார். தண்ணீருக்குள் கதவைத் தேடும் பாடத்தை மாணவர் செய்தே பார்த்திருக்க மாட்டார். மேலே சொன்ன 88 விழுக்காடு, நீரைத் தொடும்வரை விமானி பெற்ற பயிற்சி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. தொட்ட பிறகு நடப்பதற்கே பயிற்சி போதவில்லை.

இதைச் சரிசெய்யப் பெரும் பணம் தேவையில்லை. கரையோரம் பறக்கும் எல்லாப் பயிற்சி விமானத்திலும், சறுக்கு தூரம் பார்க்காமல், இடுப்பில் கட்டும் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கலாம். தனியாகப் பறக்க விடுவதற்கு முன் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாள் நீர்த்தொட்டி வெளியேற்றப் பயிற்சி பெற வேண்டும் என்று விதிக்கலாம். அதற்கான வசதி எண்ணெய்த் துறையால் இந்த நாட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தில் இறங்கத் தகுந்த, தகாத இடங்களை நீரேற்ற நேரத்தோடு சேர்த்து வரைபடமாக வைத்து, பறப்பதற்கு முன் மாணவரோடு பேச வேண்டும். அங்சா தீவருகே முதலில் கை கொடுத்த மீனவர்களையும் மீட்புத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேமநிதியை எடுத்தும் கடன் வாங்கியும் பிள்ளையை விமானிப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் நம்மில் கணிசம். கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கடலோரம் பறக்கும்போது என் பிள்ளை லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்குமா? அதன் உடம்பில் 406 கருவி இருக்குமா? கவிழ்ந்த விமானத்திலிருந்து வெளியே வரும் பயிற்சியை எப்போது கொடுப்பீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் பள்ளியில் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.